மார்க்கை மாற்றலாமா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ கம்ப்யூட்டர்ல இருக்கே, பதினஞ்சு இருபது நிமிஷம் ஏதாவது பேசு" என்றார். "எதைப் பத்திண்ணே?" என்று கேட்டேன். "நம்ம கல்லூரிச் சின்னத்தை மாத்தணும்னு ஒரு யோசனை ஓடுது. நீ ஏதோ ஒரு மொழிக்கு லோகோ மாத்துற கமிட்டியில இருந்தியாமே, அதைச் சொல்லு" என்றார். ஆகவே, ஒரு நிரல்மொழியின் சின்னத்தை எப்படி மாற்றுகிறார்கள், மாற்றும்போது என்னென்ன சிக்கல் வருகிறது என்பதைச் சொல்லப் போகிறேன். கடைசியில் நம் கல்லூரிச் சின்னத்துக்கு வருகிறேன். முடிவு எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

சின்னத்தைப் பற்றிப் பேச நம்மைவிடப் பொருத்தமான ஊர்க்காரர்கள் கிடையாது. நம் ஊர்ப் பெயரிலேயே சின்னம் இருக்கிறது. விருது என்றால் பட்டம் மட்டும் இல்லை, வெற்றிக் கொடியும் விருதுதான். பல ஊர்களில் ஜெயித்து விருதுகளைச் சுமந்துகொண்டு வந்த ஒரு வீரனை இந்த ஊர்க்காரர் ஒருவர் எதிர்த்து நின்று வெட்டி வீழ்த்தினார், அதனால் விருதுகள்வெட்டி என்று பெயர் வந்தது, அதுவே விருதுபட்டி ஆனது என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். 1923-ல் விருதுபட்டி விருதுநகர் ஆனது. பட்டி போய் நகர் வந்தது. ஆனால் விருதை யாரும் தொடவில்லை. பேரை மாற்றினவர்கள் எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்துதான் மாற்றியிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம், தமிழ்நாடு அரசின் சின்னம். அதில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மதுரைக் கோபுரம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அதை வரைந்தவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். 1949-ல் அது சென்னை மாகாண அரசின் சின்னமாக ஏற்கப்பட்டது. 1969-ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறியது. ஆட்சிகள் எத்தனையோ மாறின. எழுத்து மாறினாலும் கோபுரம் அங்கேயே நிற்கிறது.

இனி சிவகாசிக்குப் போவோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்ததும், 1923-லிருந்து இங்கே அந்தத் தொழில் வேர்விட்டதும் நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. தீப்பெட்டிக்குப் பிறகு பட்டாசு வந்தது, இரண்டுக்கும் லேபிள் தேவைப்பட்டதால் அச்சகங்கள் பெருகின. அந்த லேபிள்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சேவல், கிளி, மயில், மான், தாமரை, சாவி, கடிகாரம். காளீஸ்வரி கம்பெனியின் சேவல் மார்க் இன்றைக்கும் இருக்கிறது. ஏன் எல்லாமே படமாக இருந்தது? வாங்குகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அன்று எழுத்து தெரியாது. தீப்பெட்டி பாஷை தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனது. பீகாரில் இருக்கும் பெட்டிக்கடைக்காரருக்குத் தமிழ் எழுத்தும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. ஆனால் சேவலைத் தெரியும். "அந்தச் சேவல் போட்டது குடு" என்று கேட்டால் போதும், வியாபாரம் முடிந்தது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1950-களின் கடைசியில் குளுவிட்டா, குளுக்கோவிட்டா என்ற இரண்டு பெயர்களைப் பற்றிய வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கக் கூடாது, சராசரி அறிவும் அரைகுறை ஞாபகமும் உள்ள ஒரு சாதாரண வாடிக்கையாளர் ஏமாறுவாரா என்று பார்க்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரைகுறை ஞாபகம் என்ற அந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னத்துக்கு வேலையே அங்கேதான்.

சரி, நிரல்மொழிக்கும் சேவல் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? நம் கூட்டத்தில் வணிகவியல், வேதியியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற மொழிதான் நிரல்மொழி. திறந்த மூல மொழி என்றால், அந்த மொழியை இயக்குகிற நிரல் முழுவதும் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம். காசு கிடையாது. உலகம் முழுவதும் முகம் தெரியாத ஆயிரம் பேர் சேர்ந்து பராமரிப்பார்கள். முதலாளி கிடையாது, ஷோரூம் கிடையாது, விளம்பரத்துக்குப் பணமும் கிடையாது. ஆக மொத்தம் அந்த மொழிக்கு இருக்கும் ஒரே முகம் அதன் பெயரும் சின்னமும்தான். திரையில் நகம் அளவுக்குத் தெரிகிற அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு மாணவன், "இது நம்ம மொழி" என்று அடையாளம் கண்டுகொள்கிறான்.

இந்தச் சின்னங்கள் பிறந்த கதைகள் சுவையானவை. பைத்தான் என்ற மொழியின் முதல் வெளியீடு 1991-ல் வந்தது. அதை உருவாக்கிய குவிடோ வான் ரோசம் மலைப்பாம்பை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரை எடுத்துக்கொண்டார். ஆனால் மக்கள் பாம்பைத்தான் பார்த்தார்கள். 2006-ல் டிம் பார்க்கின் என்பவர் நீலப் பாம்பும் மஞ்சள் பாம்பும் பின்னிக்கொண்டிருக்கும் இன்றைய சின்னத்தை வரைந்து கொடுத்தார். மத்திய அமெரிக்காவின் மாயா நாகரிகத்துப் பாம்பு உருவங்களிலிருந்து அதை எடுத்தாராம். பெயர் வைத்தவர் என்ன நினைத்தார் என்பது பின்னால் போய்விட்டது, பார்க்கிறவர் என்ன நினைத்தார் என்பது முன்னால் வந்துவிட்டது.

பி.எச்.பி. என்ற மொழிக்கு யானை. 1998-ல் வின்சென்ட் பாண்டியே என்ற பிரெஞ்சு ஓவியர் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளையும் சாய்த்துப் பார்த்தபோது அதில் ஒரு யானை தெரிந்ததாம். பெர்ல் என்ற மொழிக்கு ஒட்டகம். அது வந்த வழியே வேறு. 1991-ல் ஓரெய்லி பதிப்பகம் வெளியிட்ட பெர்ல் புத்தகத்தின் அட்டையில் ஒட்டகப் படம் இருந்தது. புத்தகம் பிரபலமாகி, ஒட்டகமே அந்த மொழியின் அடையாளம் ஆகிவிட்டது. ஆனால் ஒட்டகத்துக்கு வணிக முத்திரை உரிமை பதிப்பகத்திடம் இருந்தது. அதனால் பெர்ல் அறக்கட்டளை தனக்கென்று ஒரு வெங்காயத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டது. எல்லோரும் நேசிக்கிற மிருகம் நம்முடையதாக இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு பாடம்.

ஏற்கெனவே இருக்கிற சின்னத்தை ஏன் மாற்றுகிறார்கள்? நான் பார்த்தவரை மூன்று காரணங்கள்.

முதல் காரணம், பழைய படம் புதிய இடத்தில் நிற்காது. புள்ளியியல் துறையினர் பயன்படுத்தும் ஆர் என்ற மொழி நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் பழைய சின்னம் புடைப்பும் நிழலுமாக, பழைய காலத்துத் திரைக்கு ஏற்ற மாதிரி இருந்தது. பெரிதாக்கினால் ஓரம் சிதறும். 2016-ல் அதே ஆங்கில எழுத்தையும் அதே சாம்பல் வளையத்தையும் வைத்துக்கொண்டு, எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டுப் படமாகச் சுத்தமாக வரைந்தார்கள். சாதாரணக் கண்ணுக்கு மாற்றமே தெரியாது. என் கணக்கில் அது மிக நல்ல மாற்றம்.

இரண்டாவது காரணம், ஒரே சின்னத்தின் தலையில் இரண்டு வேலை விழுந்துவிடுவது. கோ என்ற மொழிக்கு ரெனே பிரெஞ்ச் என்ற ஓவியர் வரைந்த ஒரு நீல நிற வளை எலி உண்டு. பார்த்தவுடன் சிரிப்பு வரும். ஆனால் வங்கிக்காரர்கள் கூட்டத்தில் எலியைக் காட்டி "இந்த மொழியில எழுதலாம்" என்று எப்படிச் சொல்வது? 2018-ல் வேகக் கோடுகளோடு சாய்ந்த எழுத்தில் தனியாக ஒரு சின்னம் செய்தார்கள். எலியை ஓரம்கட்டவில்லை. அது செல்லப்பிள்ளையாகவே இருக்கிறது, இது கையெழுத்தாக இருக்கிறது. மாப்பிள்ளைக்கு வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, பத்திரிகையில் அடிக்கிற பெயர் ஒன்று, அது மாதிரி.

மூன்றாவது காரணம், மொழியைச் சேர்ந்தவர்களே "இது எங்களைக் காட்டவில்லை" என்று நினைப்பது. ஹாஸ்கல் மொழிக்காரர்கள் 2009-ல் புதுச் சின்னத்துக்கு வடிவங்களை வரவழைத்துத் தேர்தல் நடத்தினார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு என்று இல்லாமல், வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை. ஜெயித்த வடிவத்தில் கிரேக்க எழுத்தான லாம்டாவும் அந்த மொழியில் அடிக்கடி எழுதும் ஒரு குறியும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. வெளியாளுக்கு அது வெறும் கோடு. உள்ளே இருப்பவனுக்கு அது தன் கையெழுத்து.

இனி என் சொந்த அனுபவம். நான் ஓய்வு நேரத்தில் பங்களிக்கும் ஒரு சிறிய திறந்த மூல மொழி உண்டு. பெயர் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது, அவ்வளவு சின்னது. அதன் சின்னம் மூன்று நிறம் ஒன்றோடொன்று கரைந்து ஓடுகிற மாதிரியும் நடுவில் மெல்லிய கோடுகளுமாக இருந்தது. சுவரில் ஒட்டினால் அழகு, கைபேசியில் மை கொட்டினது போல இருக்கும். மாற்றுவதற்கு ஆறு பேர் கமிட்டி போட்டோம். நான்கு மாதம் விவாதம் நடந்தது. நிரலில் ஒரு பெரிய பிழையைத் திருத்தச் சொன்னால் இரண்டு பேர்தான் வருவார்கள். சின்னம் நீலமா பச்சையா என்று கேட்டால் இருநூறு பேர் வருகிறார்கள். காரணம் எளிது. நிரலைப் பற்றிக் கருத்துச் சொல்ல நிரல் தெரிய வேண்டும், நிறத்தைப் பற்றிச் சொல்லக் கண் இருந்தால் போதும்.

கடைசியில் மூன்று வடிவங்கள் மிஞ்சின. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவற்றை எடுத்துக்கொண்டு சிவகாசியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆப்செட் அச்சகத்து அண்ணாச்சியிடம் போனேன். நாற்பது வருஷம் லேபிள் அடித்தவர். மொழி என்றால் என்ன, மென்பொருள் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இதை எங்க ஒட்டப் போறீக? எம்புட்டுப் பெருசு?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் நாலு சோதனை சொன்னார். ஒன்று, வெறும் கருப்பில் அடித்துப் பார். நிறத்தை எடுத்தபிறகும் உருவம் நின்றால்தான் அது மார்க். நிறத்தால் மட்டும் நிற்கிறது என்றால் அது வெறும் அலங்காரம். இரண்டு, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிக் கை நீட்டுகிற தூரத்தில் வை. மூன்று, ரெஜிஸ்டர் கொஞ்சம் விலகினால் என்ன ஆகும் என்று பார். நான்கு நிறத்துக்கு நான்கு பிளேட் போட்டு அடிக்கும்போது ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் மெல்லிய கோடு இரட்டையாகத் தெரியும், மெஷின்காரரைத் திட்டிப் புண்ணியம் இல்லை, வரைந்தவர்தான் அதற்கு இடம் விட்டு வரைந்திருக்க வேண்டும். நான்கு, ஒரு சின்னப் பிள்ளையிடம் பத்து எண்ணுகிற நேரம் காட்டு, பிறகு மறைத்துவிட்டு வரையச் சொல்.

நான்காவது சோதனையைக் கேட்டதும் எனக்குச் சட்டென்று குளுவிட்டா வழக்கு ஞாபகம் வந்தது. அரைகுறை ஞாபகத்தில் எது மிஞ்சுகிறதோ அதுதான் சின்னம் என்று நீதிமன்றம் சொன்னதை, இவர் அச்சுக்கூடத்தில் ஒரு குழந்தையை வைத்துச் சொல்லிவிட்டார். அவர் பேத்தியிடமே காட்டினோம். மூன்றில் இரண்டை அவளால் வரைய முடியவில்லை. மூன்றாவதைத் தப்பாக வரைந்தாள், ஆனால் இன்னது என்று தெரிந்தது. அது பழைய சின்னத்தின் வெளிக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த குப்பையை எடுத்த வடிவம். அதையே கமிட்டிக்குச் சொன்னேன், அதுவே நிறைவேறியது. கமிட்டியில் ஒருவருக்கு இன்னும் மனக்குறைதான். எல்லோருக்கும் பிடித்த சின்னம் என்று உலகத்தில் ஒன்று இல்லை.

படம் முடிந்தபிறகுதான் பெரிய கேள்வி வந்தது. இது யாருடையது? பழைய சின்னத்தை வரைந்தவர் பல வருஷங்களுக்கு முன் நட்புக்காக வரைந்து கொடுத்தவர். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஓவியத்துக்குக் காப்புரிமை தானாகவே வரைந்தவருக்கு வந்துவிடும் என்பதால், அவர் சம்மதம் இல்லாமல் அவர் கோட்டை வைத்துப் புதிதாக வரைய முடியாது. அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பக்கக் கடிதம் வாங்குவதற்கு, படம் வரைந்ததைவிட அதிக நாள் ஆனது.

இங்கேதான் திறந்த மூலத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. நிரலை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் சின்னத்தை அப்படி எடுக்க விடமாட்டார்கள். ஏன்? ஒரு உண்மைச் சம்பவம். பயர்பாக்ஸ் கட்டற்ற மென்பொருள்தான். டெபியன் என்ற லினக்ஸ் குழுவினர் அதில் தங்கள் திருத்தங்களைச் செய்து வெளியிட்டார்கள். எங்கள் ஒப்புதல் இல்லாமல் திருத்தியதற்கு எங்கள் பெயரும் சின்னமும் போடக் கூடாது என்று மொசில்லா சொன்னது. 2006-ல் டெபியன் அதே மென்பொருளுக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயரும் வேறு படமும் வைத்தது. 2016 வரை பத்து வருஷம் அப்படியே ஓடியது, பிறகுதான் சமாதானம் ஆனது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அதே டெபியன் தன் சொந்தச் சின்னத்துக்குச் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இரண்டு சின்னம் வைத்திருக்கிறார்கள். சுழி மட்டும் உள்ளது ஊருக்குப் பொது, டெபியனைக் குறிப்பதற்கு யாரும் போடலாம். சுழியோடு ஒரு குப்பியும் சேர்ந்தது அதிகாரப்பூர்வமானது, அதற்குக் கட்டுப்பாடு உண்டு. கோயில் திருநீறு எல்லோருக்கும் கிடைக்கும், பரிவட்டம் எல்லோருக்கும் கட்டமாட்டார்கள் இல்லையா, அப்படி.

பாதுகாப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2013-ல் பிரிட்டனில் ஒரு கம்பெனி பைத்தான் என்ற பெயரை ஐரோப்பா முழுவதற்கும் தன் வணிக முத்திரையாகப் பதியப் பார்த்தது. பைத்தான் அறக்கட்டளை, இந்த மொழியைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் சாட்சிக் கடிதம் அனுப்புங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. சில வாரங்களில் அந்தக் கம்பெனி விலகிக்கொண்டது. பாதுகாப்பு அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2023 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் அறக்கட்டளை பெயரையும் பல்சக்கரச் சின்னத்தையும் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு விதி வரைவை வெளியிட்டது. மொழியை வளர்த்த தொண்டர்களே கொதித்துப் போனார்கள், அறக்கட்டளை வருத்தம் தெரிவித்துவிட்டு வரைவைத் திருத்தப் போனது. வேலி கட்டலாம். வீட்டுக்காரர்களே உள்ளே வர முடியாதபடி கட்டக் கூடாது.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் கிடைத்தது. அந்தப் பெயர் ஒரு தனி முதலாளிக்குச் சொந்தம் இல்லை. அந்த ஊரில், அந்தப் பக்குவத்தில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் சொந்தம். வெளியே இருந்து அந்தப் பெயரைத் திருடுகிறவனுக்கு மட்டும் தடை. ஒரு திறந்த மூல மொழியின் சின்னமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நண்பர்களே, சின்னம் என்பது ஒரு வாக்குறுதி என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிடலாம். அந்த வாக்கு பொய்த்தால் என்ன விலை என்பது நம் பகுதிக்குத்தான் தெரியும். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. நீரி ஆராய்ச்சி நிறுவனம் புதிய கலவைகளை உருவாக்கிக் கொடுத்தது. 2019-ல் பசுமைப் பட்டாசுகள் சந்தைக்கு வந்தபோது பெட்டியில் ஒரு பச்சைச் சின்னமும் க்யூ.ஆர். கட்டமும் ஏறின. சேவலுக்கும் மயிலுக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு மார்க். இந்த மார்க்கின் மேல்தான் இன்று இந்தப் பகுதியில் லட்சக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு நிற்கிறது.

2021 அக்டோபர் 29-ல் நீதிமன்றம் என்ன சொன்னது? பசுமைப் பட்டாசு என்ற பெயரில் தடைசெய்த பேரியம் கலந்த சரக்கு விற்கப்படுவதைக் கண்டித்தது. சின்னம் அச்சில் ஒரு நிமிஷ வேலை. பச்சை மை இருந்தால் போதும், யாரும் அடித்துவிடலாம். ஆனால் ஒருவர் பொய்யாக அடித்தால், ஒழுங்காகக் கலவை மாற்றி, காசு செலவழித்துப் பரிசோதனைக்கு அனுப்பின பக்கத்து யூனிட்டுக்காரர் மேலும் அதே சந்தேகம் விழுகிறது. ஆர்டர் நின்றால் கூலி இல்லாமல் உட்காருகிறவர் லேபிள் அடித்த முதலாளி இல்லை, திரி சுற்றுகிற அக்காக்கள்தான். 2025 அக்டோபரில் தில்லியில் சில நாளைக்குப் பசுமைப் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோதும், க்யூ.ஆர். குறியுள்ள சரக்காக இருக்க வேண்டும் என்றும், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. படத்தை நம்பாதே, படத்துக்குப் பின்னால் இருக்கிற பதிவைப் பார் என்பது அதன் பொருள்.

மென்பொருளிலும் இதே கதைதான். 2017-ல் பைத்தான் மென்பொருள் தொகுப்புகள் இருக்கும் பொதுக் களஞ்சியத்தில், பிரபலமான பெயர்களைச் சற்றே மாற்றிப் போலித் தொகுப்புகள் கிடந்ததை ஸ்லோவாக்கியா நாட்டுப் பாதுகாப்பு அமைப்பு கண்டுபிடித்துச் சொன்னது. அவசரமாகத் தட்டச்சு செய்கிறவன் ஏமாறுவான். அரைகுறை ஞாபகம்தான் இங்கேயும் எதிரி. ஆகவேதான் கவனமான குழுக்கள் சின்னத்தோடு நிற்பதில்லை. வெளியிடும் ஒவ்வொரு கோப்புக்கும் கணிதக் கையொப்பம் போட்டுத் தருகிறார்கள். சின்னம் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும். உள்ளே இருப்பது சரக்கா என்று சோதிக்கத் தனியாக வழி வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தமிழிலேயே ஒரு திறந்த மூல நிரல்மொழி இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் எழில். முத்தையா அண்ணாமலை என்ற பொறியாளர் உருவாக்கி, 2009-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். திரையில் காட்டு என்பதற்கு அதில் பதிப்பி என்று எழுத வேண்டும். ஆங்கில மொழிகளில் "இப்படியானால்" என்கிற சொல் முதலில் வரும், நிபந்தனை பிறகு வரும். எழிலில் நிபந்தனை முதலில், ஆனால் என்ற சொல் பிறகு. நாம் பேசுகிற வரிசை அது. முடிக்கும்போது முடி என்று எழுதினால் போதும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு, ஆங்கிலம் ஒரு சுவராக நிற்காமல், தர்க்கம் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல கருவி கிடைக்காது. இப்படிப்பட்ட முயற்சிகளுக்கு நிரல் எழுதுகிறவர் மட்டும் போதாது. படம் வரைகிறவர், எழுத்துரு தெரிந்தவர், பாடம் எழுதுகிறவர் எல்லோரும் வேண்டும். ரூபாய்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார் வரைந்த வடிவத்தை மத்திய அமைச்சரவை 2010 ஜூலையில் ஏற்றது. அதே ஆண்டு யூனிகோடு பட்டியலில் அதற்கு ஒரு எண் கிடைத்தது. அதன்பிறகுதான் அது கணினியிலும் கைபேசியிலும் எழுத்தாக ஏறியது. வரைந்தவர் பாதி வேலை செய்தார், மீதிப் பாதியை முகம் தெரியாத பொறியாளர்கள் செய்தார்கள். லேபிள் வரைவதில் நூறு வருஷப் பழக்கம் உள்ள சிவகாசி ஒருபக்கம், நம் கல்லூரிக் கணினித் துறை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இனி நம் கல்லூரிச் சின்னம். விளக்கு, விரித்த புத்தகம், அடியில் ஒரு வரி. பழசாகிவிட்டது, நவீனமாக மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். சான்றிதழில் பார்த்தால் பழைய பிளாக்கில் அடித்த மாதிரி மங்கலாக இருக்கிறது என்பதும் உண்மைதான். என் யோசனைகள் இவை. முதலாவது, விளக்கையும் புத்தகத்தையும் தொடாதீர்கள், கோட்டை மட்டும் புதிதாகச் சுத்தமாக வரையுங்கள். ஆர் மொழிக்காரர்கள் செய்தது போல. இரண்டாவது, கருப்பு ஒற்றை நிறத்தில் ஒன்று, மிகச் சிறிய அளவுக்கு அடிவரி இல்லாமல் விளக்கு மட்டும் ஒன்று என்று இரண்டு வடிவம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, முதலில் இதை வரைந்தவர் யார் என்று பழைய ஆண்டு மலர்களில் தேடுங்கள். அவரோ அவர் குடும்பத்தாரோ கிடைத்தால் அடுத்த கூடுகைக்கு அழைத்து ஒரு சால்வை போடுங்கள், ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். நான்காவது, யார் எதற்கு இந்தச் சின்னத்தைப் போடலாம் என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பழைய மாணவர் டீ-சட்டையில் போட்டால் யாரும் கேட்கக் கூடாது. போலிச் சான்றிதழில் போட்டால் சும்மா விடக் கூடாது. ஐந்தாவது, சான்றிதழில் சின்னத்தை மட்டும் நம்பாமல், சரிபார்க்க ஒரு பதிவு எண்ணும் இருக்கட்டும். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் பிள்ளையின் சான்றிதழைப் பார்க்கும்போது, விளக்கு அழகாக இருக்கிறதா என்று பார்க்காது, உண்மையா என்று கேட்கும்.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய செலவு இல்லை. கருப்பு மை, ஒரு நல்ல ஓவியர், ஒரு பக்கத் தாள், கொஞ்சம் பொறுமை. அச்சுக்கு நம் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள். சோதனைக்குச் சின்னப் பிள்ளைகள் வேண்டுமென்றால், இந்தக் கூடுகைக்கே குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள், பின் வரிசையில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளையே உட்கார வைத்து வரையச் சொல்லலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொதுக்குழு கூடுகிறது. உங்கள் கருத்தை அங்கே சொல்லுங்கள், ஓட்டையும் அங்கே போடுங்கள்.